மேலே துடைச்சீங்க, உள்ளே?

அம்பத்தூர் எஸ்டேட்டில் சென்சார் செய்யும் சின்னப் பட்டறை ஒன்று எங்கள் லேபுக்கு நெடுநாள் வாடிக்கை. பால் பதப்படுத்தும் இயந்திரங்களில் பொருத்துகிற சென்சார்கள் அவை. சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு சர்க்யூட் போர்டு. அதைச் சுற்றி எபாக்சி என்ற பிசினை ஊற்றி இறுக விட்டால் சென்சார் தயார். வாங்குகிறவர்கள் மைக்ரோ ரிப்போர்ட், அதாவது கிருமிச் சோதனை அறிக்கை, கேட்பதால், ஒவ்வொரு லாட்டிலிருந்தும் கொஞ்சம் எங்களிடம் வரும். ஸ்வாபால் துடைப்போம், பிளேட்டில் போடுவோம், இன்குபேட்டரில் வைப்போம், காலனி எண்ணுவோம். பெரும்பாலும் 'நில்' (nil), அதாவது ஒன்றும் இல்லை, என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவேன். இதில் யோசிக்க ஒன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை.

ஒருமுறை ரிப்போர்ட் வாங்க முதலாளியே வந்தார். அறுபதைத் தாண்டியவர். சட்டைப் பையிலிருந்து ஒரு கழித்த பீஸை எடுத்து மேஜையில் வைத்தார். மழை விட்ட ஒரு சாயங்காலம் ஊற்றியதாம், பட்டறையில் விளக்கைச் சுற்றி ஈசல். ஒரு இறகு எபாக்சிக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். இறகின் நரம்புகள் ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரிந்தன. இறகு மடங்கிய இடத்தில் கடுகளவு காற்றுக்குமிழி ஒன்று நின்றிருந்தது. "ஏம்மா, இதோட லாட்டுக்குத்தானே நில்லுன்னு போட்டிருக்கீங்க? மேலே துடைச்சீங்க, சரி. உள்ளே?" என்றார். உள்ளே இருப்பது வெளியே வராது, பாலில் கலக்காது சார் என்றேன். "வராதுன்னு எனக்கும் தெரியும்மா. இருக்கா இல்லையான்னுதான் கேட்டேன்" என்று சிரித்துவிட்டு ரிப்போர்ட்டை மடித்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் போய்விட்டார், கேள்வி போகவில்லை. கோயம்பேட்டில் கத்திரிக்காய் பொறுக்குகிறவர்களுக்கு இந்தச் சங்கடம் தெரியும். மேலே பளபளவென்று இருக்கும், உள்ளே சொத்தையா இல்லையா என்பது அறுத்தால்தான் தெரியும், அறுத்த காயைக் கூடையில் திரும்பப் போட முடியாது. எங்கள் தொழிலில் நாங்கள் அறுப்பதே இல்லை. மருந்து, மருத்துவக் கருவி, உணவு இயந்திரம் எதுவானாலும் கணக்கு ஒன்றுதான்: கெட்டிப் பொருளின் நடுவே சிக்கிய பாக்டீரியா யாரையும் தொடாது, தொடாதது கெடுக்காது. நியாயமான கணக்கு என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் 'கெடுக்காது' என்பது வேறு, 'இல்லை' என்பது வேறு. நான் கையெழுத்துப் போடும் தாளில் இரண்டும் ஒரே 'நில்'லாக இருப்பதுதான் உறுத்தியது.

இந்தக் கேள்வியைத் தலைபோகிற விஷயமாக எடுத்துக்கொள்கிறவர்கள் யாராவது உண்டா என்று தேடப் போய்த்தான் விண்கலக்காரர்களிடம் வந்து சேர்ந்தேன்.

பார்க்காமல் எழுதும் எண்

விண்கலத்துக்கு எங்கள் கணக்கு செல்லாது. ஏனென்றால் விண்கலம் நொறுங்கும். 1999 டிசம்பரில் மார்ஸ் போலார் லேண்டர் செவ்வாயில் இறங்கப் போய்த் தொலைந்தது. 2016 அக்டோபரில் ஐரோப்பாவின் ஸ்கியாபரெல்லி வேகமாக மோதிச் சிதறி, சுற்றுக்கலம் எடுத்த படத்தில் ஒரு கரும்புள்ளியாகத் தெரிந்தது. மோதினால் எபாக்சி உடையும், நுரைப் பஞ்சு கிழியும், பல வருடம் முன்பு ஏதோ ஒரு பட்டறையில் உள்ளே சிக்கியது செவ்வாய் மண்ணில் விழும். அது அங்கே பிழைத்துப் பெருகுமா என்பது தனி வழக்கு. நாளைக்கு அங்கே உயிரின் தடயம் தேடிப் போகிறவர் கண்டுபிடிப்பது செவ்வாயுடையதா நம்முடையதா என்ற சந்தேகம் வந்துவிட்டாலே போதும், அத்தனை உழைப்பும் பாழ்.

1967ஆம் ஆண்டின் விண்வெளி ஒப்பந்தம் தன் 9ஆம் பிரிவில் பிற கோள்களைக் கெடுக்காதீர்கள் என்கிறது. அதை எண்களாக்கி வைத்திருப்பது கோஸ்பார் என்ற சர்வதேசக் குழு. செவ்வாயில் இறங்கும் சாதாரணக் கலம் என்றால் வெளிப்பரப்பில் மொத்தம் 3,00,000 ஸ்போர்களுக்கு மேல் கூடாது, சதுர மீட்டருக்குச் சராசரி 300. ஸ்போர் என்பது சில பாக்டீரியாக்கள் எடுக்கும் உறங்கும் வடிவம். அதை மட்டும் எண்ணுவதற்குக் காரணம், சாகாமல் இருக்கத் தெரிந்தது அதுதான். தன் நடுப்பகுதியை வற்றவைத்து, கால்சியத்தோடு டைபிகோலினிக் அமிலத்தைத் திணித்துக்கொண்டு, பல உறைகளைப் போர்த்திக்கொண்டு காத்திருக்கும்.

சுற்றிவரும் கலத்துக்கு இரண்டு வழி கொடுத்திருக்கிறார்கள். ஏவியதிலிருந்து 20 ஆண்டுகளுக்கு 99 சதவீதமும், 50 ஆண்டுகளுக்கு 95 சதவீதமும் செவ்வாயில் விழாது என்று காட்டலாம். இல்லையென்றால் வெளியே, இரண்டு பரப்புகள் சேரும் இடுக்கில், பொருளுக்கு உள்ளே என எல்லாம் சேர்த்து 5,00,000 ஸ்போர்களுக்குள் அடக்க வேண்டும். 'உள்ளே' என்று படித்தவுடன் ஈசல் இறகுதான் கண்முன் வந்தது.

வெளிப்பரப்பை அவர்கள் எண்ணும் முறை ஏறக்குறைய என் அன்றாட வேலைதான். 25 சதுர சென்டிமீட்டருக்கு ஒரு ஸ்வாப், பெரிய பரப்புக்குத் துணி. அதை நீரில் உதறி, 80 டிகிரியில் 15 நிமிடம் வைத்தால் ஸ்போர் அல்லாதவை பெரும்பாலும் செத்துவிடும். மீதியைப் பிளேட்டில் ஊற்றி 32 டிகிரியில் 72 மணி நேரம் வைத்து எண்ணுகிறார்கள். படிக்கப் படிக்கப் பெருமையாகக்கூட இருந்தது. நாசாவில் செய்வதும் இதுதானே!

உள்ளே எண்ணும் முறைக்கு வந்ததும் பெருமை வடிந்தது. ஒவ்வொரு கலத்துக்கும் எண்ணுவதில்லை. விதிமுறையில் ஒரு அட்டவணை இருக்கிறது. மின்னணு பாகம் என்றால் ஒரு கன சென்டிமீட்டருக்கு 3 முதல் 150 ஸ்போர், மற்ற உலோகமல்லாத பொருள் என்றால் 1 முதல் 30. பாகத்தின் கன அளவை அந்த எண்ணால் பெருக்கிக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் லேபில் ஒரு ட்ரெயினி பிளேட்டைப் பார்க்காமல் 'சுமார் 30 இருக்கும் மேடம்' என்று எழுதினால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். கோடிக்கணக்கில் செலவு செய்கிறவர்கள் இப்படி உத்தேசமாக ஒரு எண்ணைப் போடுகிறார்களே என்று எரிச்சல்தான் வந்தது. உடைத்துப் பார்த்தால் தெரிந்துவிடாதா?

உடைத்துப் பார்த்தபோது

முதலாளியிடம் கேட்டதும் கழித்த பீஸ்கள் ஒரு பை நிறைய வந்தன. லேபில் வேலை குறைவான நாட்களில் நானும் இன்னொரு பெண்ணும் உட்கார்ந்தோம். வெளிப்பக்கத்தை ஸ்போரைக் கொல்லும் ரசாயனத்தில் ஊறவைத்துக் கழுவி, சுத்தமான காற்று ஓடும் லேமினார் பெட்டிக்குள் வைத்து, ஆட்டோகிளேவ் செய்த கருவிகளால் உடைத்து, பொடித்து, அந்தப் பொடியைக் கிருமி வளர்க்கும் சத்துக்கரைசலான மீடியாவில் போட்டோம். உடைக்காத துண்டு ஒரு குழாயில், கருவியைக் கழுவிய நீர் இன்னொன்றில், காமா கதிர் கொடுத்து உள்வரைக்கும் கொன்ற துண்டை உடைத்த பொடி வேறொன்றில் என்று ஒப்பிடுவதற்கும் வைத்தோம். காமா எபாக்சியை ஊடுருவிப் போகும், எத்திலீன் ஆக்சைடு வாயு போகாது. இது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்தது.

கிருமி வளர்ந்தால் குழாய் கலங்கும். ஒரே ஒரு குழாய் கலங்கியது. ஒப்பீட்டுக் குழாய்கள் எல்லாம் தெளிவாக இருந்தன. ஸ்டெயின் செய்து பார்த்தால் நீள நீளமான பாக்டீரியாக்கள், சிலவற்றின் நடுவே சாயம் ஏறாத ஸ்போர்கள். சந்தோஷத்தில் அந்த ஸ்லைடை லேபில் எல்லோருக்கும் காட்டினேன்.

எங்கள் மூத்த மேடம் மட்டும் ஸ்லைடைப் பார்க்கவே இல்லை. "கலங்காத மீதிக் குழாயெல்லாம் நில்லா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "இன்ஹிபிஷன் பார்த்தியா?" என்றார்.

மருந்து லேபில் இது அரிச்சுவடி. சோதிக்கிற பொருளே கிருமியை வளரவிடாமல் தடுத்தால், தெளிவான குழாய்க்கு அர்த்தமில்லை. எபாக்சிப் பொடி போட்ட மீடியாவில் நமக்குத் தெரிந்த பாசில்லஸ் சப்டிலிஸ் ஸ்போர்களைக் கொஞ்சம் போட்டுப் பார்த்தோம். பொடி இல்லாத குழாய் மறுநாளே கலங்கியது. பொடி போட்டது வெகுநேரம் அப்படியே இருந்தது. முழுசாக இறுகாத எபாக்சியிலிருந்து, அதை இறுகவைக்கக் கலக்கும் ஹார்டனரின் அமீன் என்ற ரசாயனம் கசிந்து வளர்ச்சியைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். பொடிக்கும்போது எழும் சூடும் அழுத்தமும் எத்தனை ஸ்போர்களைக் கொன்றிருக்குமோ, அது தனி. ஆக, தெளிவான குழாய்களை நம்ப முடியாது. கலங்கிய குழாயையாவது நம்பலாமா என்றால், அத்தனை உடைசலுக்கு நடுவே ஒன்றே ஒன்று. தூசு பறக்கும் வேலை, ஒரு துகள் தப்பி விழுந்திருந்தாலும் இதே முடிவுதான் வரும். உள்ளே இருந்தது என்று கோர்ட்டில் சத்தியம் பண்ணச் சொன்னால் பண்ணமாட்டேன்.

'நில்'லையும் நம்ப முடியவில்லை, 'இருக்கிறது' என்பதையும் நம்ப முடியவில்லை. அந்தச் சாயங்காலம்தான் அந்த அட்டவணையின் மேல் இருந்த என் எரிச்சல் ஆட்டம் கண்டது.

நிலாவிலிருந்து வந்த ஒரு கேமராவுக்கும் இதே கதிதான். சர்வேயர் 3 என்ற அமெரிக்கக் கலம் 1967 ஏப்ரலில் நிலாவில் இறங்கியது. 1969 நவம்பரில் அப்போலோ 12இல் போன கான்ராடும் பீனும் அதன் கேமராவை வெட்டியெடுத்துக்கொண்டு வந்தார்கள். பூமியில் அதைப் பிரித்து, உள்ளே இருந்த பாலியூரித்தேன் நுரையிலிருந்து மாதிரிகள் எடுத்து வளர்த்ததில், ஒன்றில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மிட்டிஸ் வளர்ந்தது. ஏவும் முன்பே நுரைக்குள் சிக்கிய பாக்டீரியா, காற்றில்லாத நிலாவில் 31 மாதம் கிடந்து பிழைத்து வந்துவிட்டது என்று உலகம் முழுக்கச் செய்தி. பல ஆண்டுகள் புத்தகங்களிலும் இருந்தது. பிற்பாடு பழைய படச்சுருள்களைப் போட்டுப் பார்த்தவர்களுக்கு வேறு காட்சி தெரிந்தது. கேமராவைப் பிரித்தவர்கள் அரைக்கை உடையில் இருந்தார்கள், கருவிகளைக் கீழே வைத்து எடுத்தார்கள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மிட்டிஸ் ஸ்போர் உண்டாக்கும் ஜாதி அல்ல. அது குடியிருப்பது மனிதனின் வாயிலும் தொண்டையிலும். பிரித்தவர்களிடமிருந்தே வந்திருக்கும் என்பதுதான் இப்போது வலுவான கருத்து.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. லேமினாருக்குள் கையை நீட்டிக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும். திறக்கத் திறக்க உள்ளே வெளியே ஆகிக்கொண்டே போகும், வெளியேயிருப்பதற்கு உள்ளே போக வழியும் திறக்கும்.

எண்ணிப் போட்டு எண்ணி எடுத்துப் பார்த்தவர்களும் உண்டு. 2014இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் விண்கலத்தில் பயன்படும் எபாக்சி பசையில் பாசில்லஸ் சேஃபென்சிஸ் ஸ்போர்களைக் கலந்து, இறுகவைத்து, பிறகு மீட்கப் பார்த்தார்கள். வளர்த்து எண்ணியதில் திரும்பக் கிடைத்தது போட்டதில் சொற்பமே. இறுகும்போது சில சாகும், உடைக்கும்போது சில சாகும், சில பொடிக்குள்ளேயே மாட்டிக்கொண்டு வெளிவராது. மூன்றையும் பிரித்துச் சொல்வதுதான் பெரும்பாடு. அக்ரிலிக் போன்றவற்றில் நிலைமை கொஞ்சம் மேல். கரைப்பானில் முழுதாகக் கரைத்துவிடலாம், உடைக்க வேண்டாம். எபாக்சி ஒருமுறை இறுகினால் கரையாது, ஊதிப் பெருப்பதோடு சரி.

வளர்க்காமலே கண்டுபிடிக்கும் வழிகள் இருக்கின்றனவே என்று லேபில் புதிதாகச் சேர்ந்த பையன் கேட்டான். இருக்கின்றன. டெர்பியம் என்ற தனிமம் டைபிகோலினிக் அமிலத்தோடு சேர்ந்தால் பச்சையாக ஒளிரும். ஸ்போரை முளைக்க வைத்து ஒளியை அளந்தால் உயிருள்ளவை எத்தனை என்று தெரியும், சூடு வைத்து உடைத்து அளந்தால் மொத்தம் தெரியும். பி.சி.ஆர். செய்யலாம். செத்த செல்லின் டி.என்.ஏ.வைக் கணக்கில் சேரவிடாமல் கட்டிப்போடும் சாயமும் உண்டு, ஆனால் ஸ்போரின் தடித்த உறை முன்னால் அது தடுமாறும். எல்லாமே நல்ல முறைகள். எல்லாவற்றுக்கும் முதல் படி ஒன்றுதான்: ஸ்போரை முதலில் வெளியே கொண்டுவா.

அனல்

எண்ண முடியாததைக் கொன்றுவிடலாமே என்று நினைத்தவர்களும் பட்டார்கள். 1960களின் தொடக்கத்தில் நிலாவுக்குப் போன ரேஞ்சர் கலங்களின் பாகங்களை 125 டிகிரியில் 24 மணி நேரம் வேகவைத்தார்கள். அடுத்தடுத்துக் கலங்கள் பழுதாக, பழி சூட்டின் மேல் விழுந்து, அந்த வழக்கம் கைவிடப்பட்டது. செவ்வாயில் இறங்கப் போன வைக்கிங் கலங்களில் புத்தி வந்தது. சூடு தாங்கும் பாகங்களையே முதலிலிருந்து தேர்ந்தெடுத்து, முழு லேண்டரையும் மூடிய கூண்டுக்குள் வைத்து, சுமார் 112 டிகிரியில் 30 மணி நேரத்துக்கு மேல் சூடேற்றி, 1975இல் அனுப்பினார்கள். அதற்கு ஆன செலவை இன்றைக்கும் யாரும் எளிதில் போட மாட்டார்கள்.

அட்டவணை இருக்கும் அந்த விதிமுறையில் என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரு ஒப்பீடு. 125 டிகிரி வறண்ட சூட்டில், ஸ்போர் எண்ணிக்கை பத்தில் ஒன்றாகக் குறைய வெளிப்பரப்பில் அரை மணி நேரம். இரண்டு பரப்புகளுக்கு நடுவே சிக்கியிருந்தால் ஒரு மணி நேரம். பொருளுக்கு உள்ளே புதைந்திருந்தால் 5 மணி நேரம். பத்து மடங்கு! லட்சத்தை ஒன்றாக்க வெளியே இரண்டரை மணி நேரம் போதும், உள்ளே ஒரு நாளைத் தாண்டும். நாம் சிறை என்று நினைக்கும் எபாக்சி, ஸ்போருக்குக் கவசம்.

இவ்வளவும் தெரிந்த பிறகு அந்த அட்டவணையை வேறு கண்ணோடு பார்க்கிறேன். 'உள்ளே பார்க்க முடியாது, அதனால் இல்லை என்று வைத்துக்கொள்வோம்' என்பது எங்கள் வழக்கம். 'உள்ளே பார்க்க முடியாது, அதனால் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம், இத்தனை என்றும் வைத்துக்கொள்வோம்' என்பது அவர்கள் வழக்கம். இரண்டும் ஊகம்தான். ஆனால் அவர்களுடையது தன்னை ஊகம் என்று சொல்லிக்கொள்கிறது. என் 'நில்' அப்படிச் சொல்லவில்லை. இப்போதெல்லாம் ரிப்போர்ட்டில் 'வெளிப்பரப்பில்' என்ற சொல்லைச் சேர்த்துத்தான் கையெழுத்துப் போடுகிறேன். ஒரு வாடிக்கையாளருக்குக்கூட அது பிடிக்கவில்லை.

யாருடைய எபாக்சி?

சரி, அட்டவணையை ஏற்றுக்கொண்டாயிற்று. ஆனாலும் ஒரு இடத்தில் மனம் ஒப்பவில்லை. அந்த எண்கள் வைக்கிங் காலத்து ஆய்வுகளை ஒட்டி வந்தவை, அன்றைய பொருட்கள், அன்றைய அமெரிக்கக் கூடங்கள். ஒவ்வொரு கூடத்துக்கும் தனக்கென்று கிருமிகள் உண்டு என்பதற்கு பாசில்லஸ் சேஃபென்சிஸே சாட்சி. நாசாவின் ஜெட் புரொபல்ஷன் லேபரட்டரியில் விண்கலம் பூட்டும் கூடத்தில் கிடைத்தது, 2006இல் அந்தக் கூடத்தின் பெயரின் முதலெழுத்துகளையே அதற்குச் சூட்டினார்கள். சூட்டியவர்களில் ஒருவர் நம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துவிட்டுப் போன கஸ்தூரி வெங்கடேஸ்வரன். சர்வதேச விண்வெளி நிலையத்தின் காற்று வடிகட்டியில் கிடைத்த ஒரு பாக்டீரியாவுக்கு அப்துல் கலாம் பெயரைச் சேர்த்து சோலிபாசில்லஸ் கலாமி என்று 2017இல் பெயர் வைத்ததும் அவர் குழுதான். ராமேஸ்வரத்துக்காரர் பெயர் பூமியைச் சுற்றுகிறது என்பதில் எனக்குக் கொஞ்சம் அற்ப சந்தோஷம்.

2013 நவம்பர் 5 மதியம் மங்கள்யான் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. அது சுற்றிவரப் போன கலம். ஒருநாள் நாம் இறங்கவும் போவோம். அந்தக் கலத்தின் பாகங்களில் சில, எங்கேயோ ஒரு எஸ்டேட்டில், ஃபேன் ஓடுகிற ஒரு ஹாலில் எபாக்சி ஊற்றித்தான் பிறக்கும். ஐப்பசி மழையில் எங்கள் லேப் சுவரோரம், காற்றிலிருந்து விழும் கிருமிகளைப் பிடிக்கும் செட்டில் பிளேட்டைத் திறந்து வைத்தால் பூஞ்சையும் பாசில்லஸும் எண்ண முடியாமல் வளர்கின்றன, சித்திரையில் அதே இடத்தில் சொற்பம். இரண்டு பருவத்திலும் ஊற்றிய எபாக்சிக்கு ஒரே எண்ணை அட்டவணையிலிருந்து எடுத்து எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

என் யோசனை எளிது. இறுகிய பிறகு உடைத்து மன்றாடுவதை விட, உள்ளே போவதை அது இன்னும் வெளியே இருக்கும்போதே எண்ணலாம். ரெசினையும் ஹார்டனரையும் கலப்பதற்கு முன் தனித்தனியாக, ஸ்போரைக் கொல்லாத கரைப்பானில் நீர்க்கவைத்து, வடிகட்டி, ஃபில்டரைப் பிளேட்டில் வைத்துப் பார்க்கலாம். ஊற்றும் நேரம் முழுக்கப் பக்கத்திலேயே செட்டில் பிளேட்டைத் திறந்து வைக்கலாம். போர்டை ஊற்றும் முன் ஸ்வாப் எடுக்கலாம். மூன்றையும் கூட்டினால் உள்ளே போகக்கூடிய எண்ணிக்கை வரும். மேடம் இதற்கும் ஒரு கேள்வி வைத்தார்: இறுகும்போது சாவதை எப்படிக் கழிப்பாய்? கழிக்க வேண்டாம் என்பதுதான் என் பதில். கழிக்காமல் விட்டால் வருவது உண்மையான எண்ணிக்கையை விடக் கூடுதலாகத்தான் இருக்கும், விதி கேட்பதும் இதற்கு மேல் போகாது என்ற வரம்பைத்தான். எவ்வளவு கூடுதலாக இருக்கும் என்பதில் அவருக்கும் எனக்கும் இன்னும் சண்டை ஓயவில்லை. பத்து மடங்குக்குள் என்கிறேன் நான். ஆயிரம் மடங்குக்குப் போகும், அப்புறம் எந்தக் கலமும் கிளம்பாது என்கிறார் அவர்.